அடுப்படிச் சுவரும் குளியலறைச் சுவரும்: போர் தண்ணீர் ஊரில் எதை ஒட்டலாம்?

வேலூர்ப் பக்கம் புது வீட்டுக்கு டைல்ஸ் பார்க்கக் கிளம்பும் முன், இப்போது இருக்கும் வீட்டுக் குழாயின் அடியையும் குளிக்கும் மக்கையும் ஒரு தரம் பாருங்கள். வெள்ளையாக, சொரசொரப்பாக ஏடு கட்டியிருந்தால், கடையில் கண்ணைப் பறிக்கும் கருப்பு மேட் டைல்ஸை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். அந்த ஏடுதான் நாளைக்கு உங்கள் சுவரிலும் படியப் போகிறது.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தாலும் அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று பிடித்து வைக்கப்படுகிறது. குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் பெரும்பாலான வீடுகளில் போர் தண்ணீரில்தான். தோல் தொழிற்சாலைகள் இருக்கும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் நிலத்தடி நீரில் உப்பு இன்னும் கூடுதல். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மி.கி. என்று எல்லை வைத்து, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மி.கி. வரை விடுகிறது. அந்த மேல் எல்லையை நெருங்கும் தண்ணீர் சுவரில் தெறித்துக் காய்ந்தால், சொட்டுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

அந்தப் புள்ளியைப் போக்க வீட்டில் ஆசிட் வாங்குவார்கள். ஆசிட் உப்பை மட்டும் தின்னாது. டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் சிமெண்ட் கிரவுட்டையும் தின்னும். கிரவுட் போன வழியில் தண்ணீர் உள்ளே இறங்கும். இரண்டு மூன்று வருடத்தில் குளியலறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் உப்பி உரியும். ஓதம் ஏறிவிட்டது என்று பெயிண்டரைக் கூப்பிடுவார்கள். கோளாறு அவர் தொடும் பக்கத்தில் இல்லை. டைல்ஸ் உடைந்து கெட்ட சுவர் அபூர்வம். இணைப்பு கெட்டுப் போன சுவர்தான் அதிகம். அதனால் எந்தப் பொருளை எடுத்தாலும் மூன்றைப் பார்க்க வேண்டும்: எத்தனை இணைப்பு வருகிறது, அதில் எதை நிரப்புகிறோம், அதன் பின்னால் என்ன இருக்கிறது.

அடுப்புக்குப் பின்னால்

சமையலறை என்று மொத்தமாக யோசிக்காமல் சுவர் சுவராகப் பிரித்துக்கொள்வது நல்லது. அடுப்புக்குப் பின்னால் சூடும் எண்ணெயும். சிங்க்குக்குப் பின்னால் உப்புத் தண்ணீரும் சோப்பும். மற்ற இடத்தில் வெறும் தூசி. கடலை எண்ணெயில் தாளித்து, வாரம் ஒரு நாள் வடை பஜ்ஜி போடும் வீட்டில் எண்ணெய்ப் புகை சுவரில் படிந்து, சூட்டில் இறுகி, பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டித் துடைக்கத் தாங்கும் பொருள்தான் அங்கே வேண்டும்.

இந்த இடத்துக்கு முதல் இடம் கிரானைட்டுக்கே. மேடைக்குப் போட்ட அதே பலகையைச் சுவரிலும் இரண்டடி உயரத்துக்கு ஏற்றிவிடலாம். கிருஷ்ணகிரியும் குப்பமும் பக்கத்தில் இருக்க, இந்த ஊர்க்காரர்கள் கிரானைட்டுக்கு அதிகம் அலையத் தேவையில்லை. பத்தடி மேடைக்கு 20 சதுர அடி போதும். நீளமான பலகையாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஒரு இணைப்பு, சில நேரம் அதுவும் இல்லை. அந்த இணைப்பு அடுப்புக்கும் சிங்க்குக்கும் நேர் பின்னால் வராதபடி முன்பே கோடு போட்டுக் கொடுங்கள்.

கவனிக்க வேண்டியது எடை. 18 மி.மீ. பலகை சதுர அடிக்கு ஏறக்குறைய நாலரை கிலோ. 20 சதுர அடிக்கு 90 கிலோ. அது சுவரில் தொங்கக் கூடாது, மேடை மேல் நிற்க வேண்டும். பூசிய சுவர் வழவழப்பாக இருந்தால் உளியால் கொத்திப் பொளி போட்டு, கல்லுக்கான பசையில் ஒட்ட வேண்டும். மேடையும் சுவர்ப் பலகையும் சேரும் மூலையில் 2 மி.மீ. இடம் விட்டு சிலிக்கான் நிரப்புங்கள். அங்கே வெள்ளை சிமெண்ட் தேய்த்தால் மேடை மயிரிழை அசைந்தாலும் வெடித்து, கரப்பான் பூச்சிக்கு வீடாகிவிடும். பலகையும் பசையும் சேர்ந்து பூச்சிலிருந்து முக்கால், ஒரு அங்குலம் வெளியே துருத்தி நிற்கும். மேல் விளிம்பைப் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லுங்கள். அல்லது அந்த இரண்டடிக்கு மட்டும் பூச்சு ஏற்றாமல் விட்டுக் கல்லை உள்வாங்கச் செய்யுங்கள். சுவிட்ச் பெட்டிக்கான ஓட்டையைக் கல் ஏறும் முன்பே வெட்டிவிட வேண்டும். ஏறிய பிறகு வெட்டினால் மூலையிலிருந்து விரிசல் ஓடும்.

வெளிர் நிறக் கிரானைட் எண்ணெயைக் குடித்து மஞ்சளாகக் கறைபடும். கல்லுக்கான சீலர் அடித்தால் தாமதமாகுமே தவிர நிற்காது. கருப்பு எடுப்பவர்கள் சாயம் ஏற்றிய கல்லா என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் தின்னரோ அசிட்டோனோ நனைத்துப் பாலிஷ் போட்ட பக்கம் அழுத்தித் தேயுங்கள். துணி கருத்தால் அந்தக் கல் வேண்டாம்.

கடப்பா கல் விலை குறைவு என்று சிலர் அதையே சுவருக்கும் ஏற்றுகிறார்கள். அது சுண்ணாம்புக் கல் இனம். புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் மங்கிப் போகும், பாலிஷ் திரும்ப வராது. பிரியாணிக்குப் பக்கத்தில் புளி ஊற்றிய கத்தரிக்காய் வைக்காமல் சாப்பிடாத ஊரில் இது பொருந்தாது. அலமாரித் தட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்பிளுக்கும் இதே பதில்தான். குவார்ட்ஸ் பலகை மேடைக்கு நன்றாக இருக்கும்; ஆனால் கல் தூளைப் பிசின் கலந்து இறுக்கியது அது. அடுப்பு அனலுக்கு நேர் பின்னால் நாளடைவில் நிறம் மாறும்.

கிரானைட்டுக்கு அடுத்தது டைல்ஸ். இங்கே அளவுதான் விளையாடுகிறது. 300×600 மி.மீ. டைல்ஸைப் படுக்க வைத்து இரண்டு வரிசை ஒட்டினால், மேடையிலிருந்து மேல் அலமாரி வரை உள்ள இரண்டடி அநேகமாக வெட்டே இல்லாமல் முடியும். 12×18 அங்குலத்தை நிறுத்தி ஒட்டினால் மேலே ஆறு அங்குலத் துண்டு வைக்க வேண்டிவரும். படங்களில் அழகாகத் தெரியும் செங்கல் வடிவச் சின்ன டைல்ஸ் 75×150 மி.மீ. அளவு. ஒரு சதுர மீட்டர் சுவரில் அதற்கு 20 மீட்டர் நீளத்துக்கு இணைப்பு ஓடும். அதே இடத்தில் 600×1200 டைல்ஸுக்கு இரண்டரை மீட்டர்தான். எட்டு மடங்கு கிரவுட்டை எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்க்க ஆள் இருந்தால் சின்னதை வாங்கலாம். தேநீர்க் கோப்பையும் திராட்சைக் கொத்தும் புடைத்து நிற்கும் ஹைலைட்டர் டைல்ஸ் இன்னும் விற்கிறார்கள். அந்தப் புடைப்பின் ஓரத்தில் சேரும் கரியை எடுக்க ஊசிதான் வேண்டும்.

பின்பக்கம் வண்ணம் அடித்த கண்ணாடி இப்போது மாடுலர் கிச்சன்காரர்கள் சொல்லும் தேர்வு. இணைப்பே இல்லை, ஒரே துடைப்பில் எண்ணெய் போகும். அடுப்புச் சுவரில் 8 மி.மீ. டஃபன் செய்த, அதாவது சூடேற்றி வலுவாக்கிய கண்ணாடிதான் வேண்டும். சாதாரணக் கண்ணாடி, அனல் ஒரு பக்கமும் குளிர்ச்சி ஒரு பக்கமுமாகப் பட்டால் தெறிக்கும். டஃபன் செய்த பிறகு அதில் ஒரு துளையும் போட முடியாது, ஒரு மி.மீ. கூட வெட்ட முடியாது. ஆகவே மேடை, சுவிட்ச் பெட்டி, சிம்னி எல்லாம் முடிந்த பிறகே அளவு எடுக்க வேண்டும். சிலிக்கானும் நியூட்ரல் வகையாக இருக்கட்டும். புளித்த வாடை வரும் சாதாரண வகை பின்பக்க வண்ணத்தை அரித்துத் திட்டுத் திட்டாகக் காட்டும். சிங்க் சுவரில் கண்ணாடி வைத்தால் உப்புப் புள்ளியைத் தினம் துடைக்க வேண்டும். அடுப்புக்குப் பின்னால் மட்டும் கண்ணாடி, மற்றதுக்கு டைல்ஸ் என்று பிரித்தால் சரியாக வரும்.

பி.வி.சி. மார்பிள் ஷீட்டையும் ஏ.சி.பி. ஷீட்டையும் அடுப்புச் சுவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பி.வி.சி. 80 டிகிரி வாக்கில் இளகிவிடும். பெரிய வாணலி சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஏ.சி.பி. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு; வயிற்றில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக், தீப்பிடிக்கும். வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாது என்றால் அடுப்புக்குப் பின்னால் 304 தர ஸ்டெயின்லெஸ் தகடு ஒன்றை நிறுத்துங்கள், காலி செய்யும்போது கையோடு எடுத்துப் போகலாம். டைல்ஸுக்கு மேலே உள்ள சுவருக்குக் கழுவக்கூடிய அக்ரிலிக் எமல்ஷன் போதும். எனாமல் பளபளக்கும், ஆனால் வருடம் போகப் போக மஞ்சளாகும்.

குளியலறை

கடையில் முதலில் கேட்கும் கேள்வி: செராமிக்கா, வெட்ரிஃபைடா? செராமிக் சுவர் டைல்ஸின் உடம்பு தன் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் குடிக்கும். வெட்ரிஃபைட் அரை விழுக்காடுகூடக் குடிக்காது. ஈரம் உள்ள இடத்துக்கு வெட்ரிஃபைட்தானே நல்லது என்று தோன்றும். சுவருக்கு அந்தக் கணக்கு இல்லை. முகத்தில் இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சான கிளேஸ் இரண்டிலுமே தண்ணீரை விடாது. தண்ணீர் போவது இணைப்பு வழியாக. முதுகு தண்ணீர் குடிப்பதால்தான் செராமிக்கைச் சிமெண்டே பிடித்துக்கொள்கிறது. வெட்ரிஃபைட்டைச் சிமெண்ட் பாலில் ஒட்டினால் பிடிக்க எதுவும் இல்லை. நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் கோடையில் மேற்குச் சுவர் விரிந்து சுருங்க, சில வருடத்தில் முழு டைல்ஸாகக் கழன்று வரும். வெட்ரிஃபைட் எடுத்தால் பசைக்கும் காசு எடுத்து வையுங்கள். பையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணும் வகையும் அச்சிட்டிருக்கும்; வெட்ரிஃபைட் சுவருக்கு டைப் 2-க்குக் கீழே போக வேண்டாம்.

நாலுக்கு ஏழு அடிக் குளியலறைக்கு 600×1200 எடுப்பது வீண் செலவு என்பது எங்கள் கருத்து. ஒரு டைல்ஸ் 14, 15 கிலோ. தூக்க இரண்டு ஆள். ஏழடி உயரத்துக்கு ஒன்று முழுசாக, அடுத்தது மூன்றடியாக வெட்டி, ஒவ்வொரு வரிசையிலும் ஓரடித் துண்டு குப்பைக்கு. குழாய், டைவர்ட்டர், ஹெல்த் ஃபாசெட் என்று அத்தனை ஓட்டையும் அந்தப் பெரிய டைல்ஸில் விழும். ஒரு ஓட்டை தவறினால் போவது எட்டு சதுர அடி. சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாவிட்டால் அந்த அளவில் மறைக்கவும் முடியாது. எட்டுக்கு ஆறு அடிக்கு மேல் உள்ள குளியலறை, நேரான சுவர், கைதேர்ந்த டைல்ஸ் மேஸ்திரி மூன்றும் இருந்தால் எடுக்கலாம். மற்றவர்களுக்கு 300×600 செராமிக் போதுமானது. 300×450 இன்னும் மலிவு; ஆனால் சதுர மீட்டருக்கு ஐந்தரை மீட்டர் இணைப்பு, 300×600-க்கு ஐந்து.

சுவருக்குப் பளபளப்பு, தரைக்கு மேட். இதை மாற்றிப் போடும் வீடுகள் நிறைய. மேட் சுவரின் நுண்ணிய சொரசொரப்பில் உப்பு பிடித்தால் வைப்பரால் இழுத்தாலும் வராது. நிறத்தில் சாம்பல் கலந்த வெளிர் நிறம், ஐவரி இரண்டும் உப்பைக் காட்டிக்கொடுக்காது.

இனி டைல்ஸுக்குப் பின்னால். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் இதில்தான் கை வைக்கிறார்கள். குறைக்கவே கூடாத இடமும் இதுதான். காடி அடித்துக் குழாய் பதித்ததும், பூசும் முன், குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பாருங்கள். பூச்சுக்குச் சிமெண்டும் மணலும் 1:4 கலவை. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் குழைத்தால் அந்த உப்பு சுவரிலேயே தங்கிப் பின்னால் பூக்கும். முடிந்தால் பூச்சுக்காவது லாரித் தண்ணீர் வாங்குங்கள். ஏழு நாள் நீராற்றி, அதன் பின் குறைந்தது இரண்டு வாரம் காயவிட்டு, சிமெண்டும் அக்ரிலிக் பாலும் கலக்கும் இரண்டு பாக நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை அடிக்க வேண்டும்; முதல் கைக்குக் குறுக்காக இரண்டாவது. ஷவர் சுவரில் ஆறடி உயரம் வரை, மற்றச் சுவரில் ஓரடி, தரை முழுக்க. சுவரும் தரையும் சேரும் மூலையில் ஃபைபர் வலையை நடுவில் வைத்து அடிக்க வேண்டும், முதலில் வெடிப்பது அங்கேதான். காய்ந்ததும் வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழ்த்தள மேற்கூரையிலும் பக்கத்து அறைச் சுவரடியிலும் ஈரம் தெரியாவிட்டால்தான் டைல்ஸ் மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும். நாலரை அங்குலச் சுவரின் அந்தப் பக்கம் மர அலமாரி வரப்போகிறது என்றால் இந்த வேலையில் ஒரு படியும் தாண்டக் கூடாது.

ஒட்டும்போது மேஸ்திரி நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகப் பசை வைத்து அழுத்துகிறாரா என்று பாருங்கள். வேகமாக முடியும், ஆனால் உருண்டைகளுக்கு நடுவில் காலி இடம். இணைப்பில் கசியும் தண்ணீர் அங்கே குளம் கட்டும்; ஆணி அடித்தால் டைல்ஸ் உடையும். பல் கரணையால் சுவர் முழுக்கப் பசையை இழுத்து, டைல்ஸ் முதுகிலும் மெல்லத் தடவி ஒட்ட வேண்டும். சிமெண்டில் ஒட்டும் செராமிக்கைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பசையில் ஒட்டினால் ஊறப்போடக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். சித்திரை வைகாசி வெயிலில் சுவரில் இழுத்த பசை சீக்கிரம் ஏடு கட்டும். விரலால் தொட்டால் ஒட்டவில்லை என்றால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாக இழுக்க வேண்டும். மேலே தண்ணீர் தெளித்துச் சமாளிக்க விடாதீர்கள்.

டைல்ஸை முட்டி முட்டி ஒட்டுவதும் இங்கே ஒரு பழக்கம். இடைவெளியே இல்லாவிட்டால் கிரவுட் உள்ளே இறங்காது, மேலே தடவிய பூச்சாக இருந்து உதிரும். இடைவெளி விடுவதற்கான 2 மி.மீ. ஸ்பேசர் துண்டுகளை வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் வரை விட்டு, ஷவர் சுவரிலும் சமையலறையின் அடுப்பு, சிங்க் சுவரிலும் எபாக்ஸி கிரவுட். மற்ற இடத்தில் பாலிமர் சேர்த்த சிமெண்ட் கிரவுட். எபாக்ஸி பல மடங்கு விலை, ஆனால் தேவைப்படுவது கொஞ்சம்தான்: 300×450 டைல்ஸில் 2 மி.மீ. இணைப்புக்கு 150 சதுர அடிக்கு இரண்டு, இரண்டரை கிலோ. வீட்டு ஆசிட் அதை எளிதில் அரிக்காது. பிசின், ஹார்டனர், தூள் மூன்றையும் டப்பாவில் சொன்ன அளவுப்படியே கலக்க வேண்டும். வெயில் காலத்தில் முழு டப்பாவையும் ஒரேயடியாகக் கலந்தால் பாதியில் கல்லாகிவிடும். தடவிய உடனே ஈர ஸ்பாஞ்சால் துடைக்காவிட்டால் டைல்ஸ் முகத்தில் படலம் நிரந்தரமாகத் தங்கும். இரண்டு சுவர் சேரும் உள் மூலைகளிலும், குழாயின் தட்டுக்கு உள்ளேயும் கிரவுட் வேண்டாம், சிலிக்கான்.

ஏழடிக்கு மேலே டைல்ஸ் தேவையில்லை. வெளிப்புறச் சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷனை அங்கே அடித்தால் நீராவியைத் தாங்கும். தோட்டத்துக் குளியலறைக்கு, சிமெண்டில் ஆக்சைடு கலந்து இழைத்த பழைய பூச்சு இன்றும் மோசமில்லை. மயிரிழை வெடிப்பு வரும், ஆனால் செலவு குறைவு. பி.வி.சி. பேனல் குளியலறைக்கு வேண்டாம். பின்னால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தாலும் வாடை வரும் வரை தெரியாது.

எவ்வளவு வாங்குவது

நாலுக்கு ஏழு அறையின் சுற்றளவு 22 அடி. ஏழடி உயரத்துக்கு 154 சதுர அடி. இரண்டரைக்கு ஏழு கதவைக் கழித்தால் 136.5. வெட்டுக்கு 10 விழுக்காடு சேர்த்து 150. 300×450 பெட்டியில் பொதுவாக ஆறு டைல்ஸ், 8.7 சதுர அடி, 18 பெட்டி. பசை 3 மி.மீ. கனத்தில் 20 கிலோ பை 45, 50 சதுர அடிக்கு வரும், ஆக நாலு பை. சுவர் கோணலாக இருந்தால் பசை இரண்டு மடங்காகும். முதலில் பூச்சில் சரிசெய்வதே மலிவு. எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேட் எண்ணும் ஒரே அளவு எண்ணும் இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். டைல்ஸ் தயாராகும் குஜராத்தின் மோர்பியில் ஒரு டிசைன் நின்றுவிட்டால் திரும்ப வராது. ஒரு பெட்டியைப் பிரிக்காமல் பரணில் போட்டு வையுங்கள்.

காட்பாடியில் மாணவர்களுக்கும், மருத்துவமனைப் பக்கம் நோயாளிகளின் குடும்பத்துக்கும் அறை வாடகைக்கு விடுபவர்கள் பழைய டைல்ஸை உடைக்காமல் மேலேயே புதிது ஒட்டலாம். முதலில் ஒரு கட்டையால் தட்டிப் பார்த்து, டொக்கென்று காலியாக ஒலிக்கும் டைல்ஸை எல்லாம் பெயர்த்துக் கலவையால் நிரப்ப வேண்டும். உப்பும் எண்ணெயும் போகக் கழுவி, கிளேஸைக் கிரைண்டரால் கீறிவிட்டு, டைல்ஸ் மேல் ஒட்டலாம் என்று பையிலேயே போட்டிருக்கும் பசையைத்தான் வாங்க வேண்டும். சுவர் அரை அங்குலம் முன்னால் வருவதால் குழாய்களுக்கு எக்ஸ்டென்ஷன் நிப்பிள் தேவைப்படும். கதவு நிலையும் உள்வாங்கித் தெரியும். ஓதம் ஏறிய சுவரில் இந்த வேலை செய்யக் கூடாது, உடைத்தே ஆக வேண்டும்.

வேலை முடிந்ததும் அதே கட்டையால் புதுச் சுவரையும் ஒரு தரம் தட்டுங்கள். விளிம்பிலோ மூலையிலோ காலிச் சத்தம் வந்தால் அந்த டைல்ஸைச் சாக்பீஸால் குறியிட்டு, கிரவுட் போடும் முன்பே கழற்றி ஒட்டச் சொல்லுங்கள். மேஸ்திரிக்கான கடைசித் தவணையை அதுவரை கையில் வைத்திருங்கள்.